ஆயிரத்து இருநூற்று அறுபது நாள்

 

சென்ற வாரம் ஒரு பழைய மாணவி வாட்ஸப்பில் எழுதியிருந்தாள். 1990களின் தொடக்கத்தில் என்னிடம் பத்தாம் வகுப்பு படித்தவள். இப்போது மஸ்கட்டில் இருக்கிறாள். அவளுடைய அண்ணன் குடும்பம் திருச்சி பாலக்கரையில். அண்ணன் மகள் பிளஸ் டூவில் நல்ல மதிப்பெண் வாங்கி, பொறியியல் கல்லூரியில் இடமும் கிடைத்துவிட்டது. ஆனால் அண்ணன் பணம் கட்ட மறுக்கிறாராம். ஆறு மாதமாக ஏதோ காணொளிகளைப் பார்த்துக்கொண்டிருக்கிறார். தானியேல் ஆகமம், வெளிப்படுத்தின விசேஷம் இரண்டிலும் உள்ள எண்களைக் கூட்டிக் கழித்து, உலக முடிவுக்கு ஓர் ஆண்டு குறித்திருக்கிறார்கள். "நாலு வருஷப் படிப்பு எதுக்கு? மூணு வருஷத்துல எல்லாம் முடிஞ்சுடும்" என்கிறாராம்.

அந்தக் கணக்கின் படத்தையும் எனக்கு அனுப்பியிருந்தாள். கீழே ஒரே ஒரு வரி: "சார், நீங்க ஹிஸ்டரி சார். இது சரியா தப்பான்னு மட்டும் சொல்லுங்க."

அவளுக்குத் தனியாகப் பதில் எழுதிவிட்டேன். இதே படம் வேறு இரண்டு பேரிடமிருந்தும் எனக்கு வந்ததால், அவள் அனுமதியோடு அந்தப் பதிலை விரித்து இங்கே எழுதுகிறேன். கொஞ்சம் நீளம். காபியை வைத்துக்கொண்டு உட்காருங்கள்.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். நான் ஸ்ரீரங்கத்துக்காரன், வைணவக் குடும்பம். பைபிள் என் வேதம் அல்ல. ஆனால் முப்பது வருடத்துக்கு மேல் ஆசிரியர் அறையில் எனக்குப் பக்கத்து நாற்காலியில் இருந்தவர் ஒரு கிறிஸ்தவர், வேதியியல் ஆசிரியர். பென்சில் கோடுகள் நிறைந்த தன் பைபிளை எனக்குப் படிக்கக் கொடுத்து, நான் கேட்ட கேள்விகளுக்கெல்லாம் சலிக்காமல் பதில் சொன்னவர். இன்று அவர் இல்லை. இதில் நல்லதாக ஏதாவது இருந்தால் அவர் கொடுத்தது. பிழை இருந்தால் என்னுடையது.

இன்னொன்று. அடுத்த வீட்டுக்காரர் நம்பிக்கையைப் பற்றிப் பேசுமுன் நம் வீட்டை ஒரு முறை பார்த்துக்கொள்ள வேண்டும். ஆகையால் 1962இலிருந்து தொடங்குகிறேன்.

அப்போது எனக்கு எட்டு வயது. அந்த ஆண்டு பிப்ரவரி 3 முதல் 5 வரை, தை அமாவாசையை ஒட்டி, மகர ராசியில் எட்டுக் கிரகங்கள் ஒன்று சேர்ந்தன. அஷ்டக்கிரகக் கூட்டம் என்று நாடு முழுவதும் அதே பேச்சு. உலகம் அழியப்போகிறது என்று வடக்கே பெரிய பெரிய யாகங்கள் நடந்தன. நேரு அதையெல்லாம் கேலி செய்தார், ஆனாலும் பயம் குறையவில்லை. எங்கள் அடையவளஞ்சான் வீதி வீட்டில் பாட்டி பரணிலிருந்த ஜாடிகளை ஒவ்வொன்றாக இறக்கினாள். வருடம் முழுக்க வரவேண்டிய வடாமும் அப்பளமும் மூன்று நாளில் பொரிந்து எங்கள் தட்டுக்கு வந்தன. அம்மா தடுத்தபோது, "லோகமே முடிஞ்சுட்டா இந்த வடாம் யாருக்குடி?" என்றாள். எங்களுக்குக் கொண்டாட்டம்.

ஆறாம் தேதி காலையில் பாட்டி வழக்கம்போல எழுந்து, வாசல் தெளித்துக் கோலம் போட்டாள். அந்த வருடம் மழைக்காலம் முழுக்க வடாம் இல்லாமல் சாப்பிட்டோம். எங்கள் வீட்டு நஷ்டம் அவ்வளவுதான். நஷ்டம் எல்லா வீட்டிலும் வடாமோடு நின்றுவிடுவதில்லை என்பது எனக்குப் பின்னால் தெரிந்தது. அதைக் கடைசியில் சொல்கிறேன்.

இப்போது கணக்குக்கு வருவோம்.

தானியேல் 7ஆம் அதிகாரத்தில் ஒரு கொடிய ஆட்சி வருகிறது. அது நல்லவர்களை எவ்வளவு காலம் ஒடுக்கும் என்பதற்கு, ஒரு காலம், இரண்டு காலம், அரைக் காலம் என்ற பொருளில் விடை வருகிறது. காலம் என்றால் ஆண்டு என்று கொண்டால் மூன்றரை ஆண்டு. வெளிப்படுத்தின விசேஷம் 11, 12, 13ஆம் அதிகாரங்களில் இதே அளவு 42 மாதம் என்றும், 1260 நாள் என்றும் திரும்ப வருகிறது. மாதத்துக்கு 30 நாள் வைத்துப் பெருக்கிப் பாருங்கள்: 42 × 30 = 1260. மூன்றும் ஒன்றே.

இத்தோடு விட்டால் சிக்கலே இல்லை. மூன்றரை ஆண்டுக் கொடுமை, பிறகு விடுதலை. ஆனால் எண்ணாகமம் 14ஆம் அதிகாரத்தில் நாற்பது நாளுக்கு நாற்பது ஆண்டு தண்டனை என்று வருகிறது. எசேக்கியேல் 4ஆம் அதிகாரத்திலும் ஒரு நாளை ஓர் ஆண்டாக எண்ணச் சொல்கிறது. இந்த இரண்டு இடங்களையும் பிடித்துக்கொண்டு, தீர்க்கதரிசனத்தில் வரும் நாள் எல்லாமே ஆண்டுதான் என்று ஒரு விதி பிறந்தது. உடனே 1260 நாள் 1260 ஆண்டாக நீண்டது. தானியேல் 8இல் வரும் 2300 மாலை காலை, 2300 ஆண்டாயிற்று.

ஸ்ரீரங்கத்துக்காரர்கள் இதைக் கேட்டுச் சிரிக்க வேண்டாம். நமக்கும் மனிதரின் ஓர் ஆண்டு தேவர்களுக்கு ஒரு நாள்தான். உத்தராயணம் பகல், தட்சிணாயனம் இரவு, மார்கழி விடியற்காலம். அந்த விடியலில்தானே வைகுண்ட ஏகாதசிக்குப் பரமபத வாசல் திறக்கிறார்கள், நாமும் குளிரில் நடுங்கிக்கொண்டு வரிசையில் நிற்கிறோம்? கலியுகத்தின் அளவு 1200 தேவ ஆண்டு. அதை 360ஆல் பெருக்கினால் 4,32,000 மனித ஆண்டு. அதே 360, அதே பெருக்கல். கலி பிறந்தது கி.மு. 3102 என்பது பஞ்சாங்கக் கணக்கு. இன்னும் நான்கு லட்சத்து இருபத்தாறாயிரம் ஆண்டுக்கு மேல் பாக்கி இருக்கிறது. நம்முடைய எண்கள் இவ்வளவு பெரியவையாக இருப்பதால்தான் நாம் தப்பித்தோம். முடிவு மிகத் தொலைவில் இருப்பதால் அதை நம்பிக் கல்லூரிக் கட்டணத்தை யாரும் நிறுத்துவதில்லை.

சரி, நாளை ஆண்டாக்கியாயிற்று. அடுத்த கேள்விதான் முக்கியம்: எங்கிருந்து எண்ணத் தொடங்குவது? எண் நூலில் இருக்கிறது. தொடக்கப் புள்ளியை நூல் தேதி போட்டுக் கொடுக்கவில்லை. அதை எண்ணுகிறவர்தான் தேர்ந்தெடுக்கிறார்.

கரும்பலகையில் எழுதுவதுபோல் எழுதுகிறேன். ஐரோப்பிய புராட்டஸ்டண்ட் விரிவுரையாளர்கள் பலர் அந்தக் கொடிய ஆட்சியை ரோமாபுரிப் போப்பாண்டவரின் அதிகாரம் என்று கொண்டார்கள். கத்தோலிக்கர்கள் இதை ஏற்கவில்லை என்று சொல்லத் தேவையில்லை. அந்த அதிகாரம் எப்போது தொடங்கியது?

538இல் என்றார் ஒருவர். 1260ஐக் கூட்டினால் 1798. அந்த ஆண்டு பிரெஞ்சுப் படை ரோமாபுரிக்குள் நுழைந்து போப்பாண்டவரைச் சிறைபிடித்தது. பார்த்தீர்களா, பலித்துவிட்டது என்றார்கள்.

606இல் என்றார் இன்னொருவர். கூட்டினால் 1866. அந்த ஆண்டை எதிர்பார்த்து ஏராளமான புத்தகங்கள் வந்தன. 1866 வந்தது, போனது.

800இல், சார்லமேனுக்குப் போப்பாண்டவர் முடிசூட்டியபோது என்று வைத்துப் பார்த்தவர் சாதாரண ஆள் அல்ல, ஐசக் நியூட்டன். கூட்டினால் 2060. புவியீர்ப்பைக் கணக்கிட்ட அதே கை தானியேலையும் கணக்கிட்டது. ஆனால் நியூட்டன் இதைத் தன் கையெழுத்துக் குறிப்பில் எழுதும்போது ஒன்றைத் தெளிவாகச் சேர்த்தார். முடிவு எப்போது என்று அறிவிப்பதற்காக இதை எழுதவில்லை. அவசரக்காரர்கள் நாள் குறித்து, அது பொய்த்து, வேதத்துக்கே அவமானம் தேடித் தருவதை நிறுத்தத்தான் எழுதுகிறேன் என்பது அதன் கருத்து.

ஒரே எண், மூன்று தொடக்கம், மூன்று முடிவு. கூட்டலில் எங்கும் தப்பில்லை. அதனால்தான், அம்மா, உன் அண்ணன் அனுப்பிய படத்தில் கூட்டல் சரியாக இருக்கிறதா என்று நான் பார்க்கவே இல்லை. முதல் வரியில் எந்த ஆண்டைப் போட்டிருக்கிறார்கள், அதை யார் தேர்ந்தெடுத்தது என்றுதான் பார்த்தேன்.

இந்தக் கணக்குக்கு முன்னால் எத்தனை தலைமுறை ஏமாந்திருக்கிறது என்று சுருக்கமாகச் சொல்கிறேன்.

இத்தாலியில் யோவாக்கிம் என்ற துறவி 1202இல் இறந்தார். அவர் எழுத்துகளை வைத்து, 1260ஆம் ஆண்டிலேயே புதிய யுகம் பிறக்கும் என்று பலர் நம்பினார்கள். அந்த ஆண்டு பெருஜியா நகரிலிருந்து கூட்டம் கூட்டமாக மக்கள் தங்களைத் தாங்களே சாட்டையால் அடித்துக்கொண்டு தெருவில் போனார்கள்.

அமெரிக்காவில் வில்லியம் மில்லர் என்ற விவசாயி 2300ஐ எடுத்தார். கி.மு. 457இல் பாரசீக அரசன் எஸ்றாவுக்குக் கொடுத்த ஆணையிலிருந்து எண்ணினார். முதலில் 1843 என்று வந்தது. கி.மு. 1க்கும் கி.பி. 1க்கும் நடுவில் பூஜ்ய ஆண்டு கிடையாது என்பதால் 1844 என்று திருத்தினார்கள். ஆறாம் வகுப்பில் நான் உங்களுக்குத் திரும்பத் திரும்பச் சொன்ன அதே பூஜ்ய ஆண்டுப் பிழைதான். கடைசியில் 1844 அக்டோபர் 22 என்று நாளே குறிக்கப்பட்டது. அறுவடை செய்யாமல் வயலை விட்டவர்கள், கடையைச் சாத்தியவர்கள் எத்தனையோ பேர். விடிய விடியக் காத்திருந்தார்கள். மறுநாள் காலை சூரியன்தான் வந்தது. மில்லர் நேர்மையான மனிதர், தன் கணக்கு பிழைத்தது என்று ஒப்புக்கொண்டார். 1849இல் இறந்தார். அவர் வழி வந்தவர்களில் ஒரு பகுதியினர் பின்னர் ஏழாம் நாள் அட்வெண்டிஸ்ட் சபையானார்கள். 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அச்சபை திருநெல்வேலிச் சீமைக்கும் வந்தது. இன்று அவர்கள் நாள் குறிப்பதில்லை; பள்ளியும் மருத்துவமனையும் நடத்துகிறார்கள்.

நம் பக்கத்துக் கதை ஒன்றும் உண்டு. 1860இல் தெற்கே கிறிஸ்டியான்பேட்டையில் ஜான் கிறிஸ்டியன் அருளப்பன் தலைமையில் ஒரு பெரிய எழுப்புதல் ஏற்பட்டது. அதன் அலை பின்னர் மலை தாண்டித் திருவிதாங்கூருக்குள் போனது. அங்கே அதில் முன்னின்றவர்களில் ஒருவர் ஜஸ்டஸ் ஜோசப். தமிழ் பிராமணக் குடும்பத்தில் ராமையன் என்ற பெயரில் பிறந்து, 1861இல் குடும்பத்தோடு திருமுழுக்குப் பெற்று, ஆங்கிலிக்கன் குருவானவர். வடமொழியும் சங்கீதமும் அறிந்தவர். மக்கள் வித்வான் குட்டி என்றே அழைத்தார்கள். 1881இல் கிறிஸ்து திரும்ப வருவார் என்று அவரும் அவரைச் சேர்ந்தவர்களும் அறிவித்தார்கள். பழைய திருச்சபையிலிருந்து விலகித் தனிச் சபை கண்டார்கள். நம்பிய குடும்பங்கள் காத்திருந்தன. 1881 கடந்தது. அவரோ கணக்கைக் கைவிடவில்லை. வருகை கண்ணுக்குத் தெரியாத முறையில் நிகழ்ந்துவிட்டது என்று சொல்லி, யுயோமயம் என்ற புது மார்க்கத்தைத் தொடங்கினார். பெரும்பாலோர் மெல்ல மெல்லப் பழைய சபைகளுக்கே திரும்பிப் போனார்கள். 1887இல் அவர் காலமானார். அவர் குறித்த ஆண்டு போயிற்று. அவர் இயற்றிய மலையாளக் கீர்த்தனைகளை எல்லாச் சபையாரும் இன்றும் பாடுகிறார்கள். எது நின்றது என்று பாருங்கள்.

வேடிக்கை என்னவென்றால், அதே 1881இல் இங்கிலாந்திலும் பயம். மதர் ஷிப்டன் என்ற பழங்காலக் கிழவி 1881இல் உலகம் முடியும் என்று சொன்னதாக ஒரு பாட்டு பரவியிருந்தது. அந்தப் பாட்டைத் தானே கட்டியதாக அதைப் பதிப்பித்தவரே 1873இல் ஒப்புக்கொண்டுவிட்டார். ஆனாலும் எட்டு வருடம் கழித்து மக்கள் பயந்தார்கள். இன்று வாட்ஸப்பில் நடப்பதற்கு இது பெரியப்பா.

பிறகு 1914. சார்லஸ் ரஸ்ஸல் என்ற அமெரிக்கர் ஏழு காலம் என்பதை 2520 ஆண்டாக்கி, எருசலேம் விழுந்தது கி.மு. 606 என்று வைத்து 1914க்கு வந்தார். 1912இல் அவரே தென்னிந்தியாவுக்கு வந்து திருவிதாங்கூரில் பேசினார். 1914இல் உலகப் போர் மூண்டதால் அவரைப் பின்பற்றியவர்கள் கணக்கு பலித்ததாகவே எண்ணினார்கள். ஆனால் உலக அரசுகளெல்லாம் அந்த ஆண்டோடு ஒழியும் என்றல்லவா எதிர்பார்த்தார்கள்? அது நடக்கவில்லை. மேலும் எருசலேம் விழுந்தது கி.மு. 587 அல்லது 586 என்பதே வரலாற்றாசிரியர்கள் பாபிலோன் களிமண் பலகைகளிலிருந்து கண்ட கணக்கு. தொடக்கப் புள்ளியே இருபது ஆண்டு நகர்ந்துவிட்டது.

அப்படியானால் அந்த எண்களுக்கு என்னதான் பொருள்? இதைத்தான் நான் என் நண்பரிடம் கேட்டேன். அவர் பதில் சொல்லாமல் ஒரு கதையைப் படிக்கச் சொன்னார்.

கி.மு. 167. யூதேயா, நான்காம் அந்தியோகஸ் என்ற கிரேக்க அரசனின் ஆட்சியில். அவன் எருசலேம் ஆலயத்தில் தினப்பலியை நிறுத்தினான், அங்கே சேயுஸ் கடவுளுக்குப் பலி கொடுத்தான், விருத்தசேதனத்தைத் தடை செய்தான், மறுத்தவர்களைக் கொன்றான். மக்கபேயர்கள் போராடி கி.மு. 164இல் ஆலயத்தை மீட்டுத் தூய்மை செய்தார்கள். யூதர்களின் ஹனுக்கா பண்டிகை அதன் நினைவு. கொடுமை நீடித்தது மூன்று ஆண்டுக்குச் சற்று மேல். தானியேலின் மூன்றரை ஆண்டை இதோடு வைத்துப் பாருங்கள். 2300 மாலை காலை என்பதில் மாலையையும் காலையையும் தனித்தனியாக எண்ணினால் 1150 நாள். அதுவும் மூன்று ஆண்டுக்குச் சற்று மேல்தான்.

ஆகவே இந்த நூலின் பிற்பகுதி அந்தத் துன்பத்தின் நடுவில், துன்பப்பட்டவர்களுக்காக எழுதப்பட்டது என்பது இன்றைய ஆய்வாளர்கள் பெரும்பாலோரின் கருத்து. தானியேல் கி.மு. ஆறாம் நூற்றாண்டில் பாபிலோனில் வாழ்ந்து எழுதியது என்பது மரபான நம்பிக்கை. இந்த விவாதம் புதிதல்ல. மூன்றாம் நூற்றாண்டில் போர்பிரி என்ற தத்துவஞானி கிளப்பினார், ஜெரோம் பதில் எழுதினார். எந்தப் பக்கம் நின்றாலும் ஒன்று மாறாது. அந்த எண்ணைக் கேட்ட முதல் ஆட்கள் அடிபட்டுக்கொண்டிருந்தவர்கள்.

வெளிப்படுத்தின விசேஷமும் அப்படித்தான். முதல் நூற்றாண்டின் இறுதியில், ரோமப் பேரரசின் காலடியில், பத்மு தீவில் இருந்த யோவான் சின்ன ஆசியாவின் ஏழு சபைகளுக்கு எழுதியது. பேரரசைப் பேர் சொல்லித் திட்ட முடியாது. அதனால் விலங்கு, கொம்பு, 666. எபிரேய மொழியில் எழுத்துக்கு எண் மதிப்பு உண்டு. நீரோ சீசர் என்பதை எபிரேய எழுத்தில் எழுதிக் கூட்டினால் 666 வருகிறது. நீரோன் என்ற கடைசி னகரத்தை விட்டு எழுதினால் 616. சில பழைய பிரதிகளில் 616 என்றே இருக்கிறது!

எழுத்தில் எண்ணை ஒளிப்பது நமக்குப் புரியாத வித்தையா? சங்கீதம் தெரிந்தவர்களைக் கேளுங்கள். தீரசங்கராபரணம் 29ஆவது மேளம் என்பது அதன் முதல் இரண்டு எழுத்திலேயே இருக்கிறது: கடபயாதி முறையில் தீ 9, ர 2; திருப்பிப் போட்டால் 29. மேசகல்யாணி 65. சாவி தெரிந்தவனுக்கு அது ராகத்தின் இடம். சாவி தெரியாமல் 65 என்ற எண்ணை மட்டும் வைத்துக்கொண்டு 2065இல் பிரளயம் வரும் என்று ஒருவர் சொன்னால் என்ன செய்வோம்? பார்கோடு, ஆதார், கிரெடிட் கார்டு என்று 666ஐ ஒட்டவைத்துக்கொண்டு அலைகிறவர்கள் செய்வதும் அதுதான்.

என் நண்பர் சொன்ன விளக்கத்தை என் வார்த்தையில் தருகிறேன். மூன்றரை என்பது ஏழில் பாதி. ஏழு முழுமை. கொடுமை தன் முழுமையை எட்டாது, பாதியில் ஒடியும். ஆஸ்பத்திரியில் வலியால் துடிக்கிறவரிடம் மருத்துவர் "இன்னும் மூணு நாள் பொறுத்துக்கோங்க" என்றால், அது நோயாளிக்குப் பிடிமானம். அந்த மூன்று நாளை எடுத்து, நலமாக இருக்கும் பக்கத்து வீட்டுக்காரர் பஞ்சாங்கம் கணித்தால் என்ன பொருள்? மாற்கு எழுதிய சுவிசேஷம் 13ஆம் அதிகாரத்தில், அந்த நாள் எப்போது என்பது தனக்கே தெரியாது என்று இயேசு சொல்வதாக வருகிறது. "குருவுக்கே தெரியாததை யூடியூப்காரன் சொன்னா நான் ஏன் சார் நம்பணும்?" என்பார் நண்பர், யூடியூப் வந்த பிறகு.

இனி, கடைசியில் சொல்கிறேன் என்று தள்ளிவைத்தது.

1999. இரண்டாயிரம் பிறக்கப்போகிறது. கணினிகள் நின்றுவிடும் என்று படித்தவர்களுக்கு ஒரு பயம், உலகமே நின்றுவிடும் என்று மற்றவர்களுக்கு ஒரு பயம். எங்கள் பள்ளியில் பிளஸ் டூ படித்த ஒரு பெண், வரலாற்றில் வகுப்பிலேயே முதல். நவம்பரில் வருவதை நிறுத்திவிட்டாள். அவள் அப்பா ஏதோ ஒரு ஜெபக்குழுவில் சேர்ந்து, டிசம்பர் 31க்காகக் குடும்பத்தோடு உபவாசத்தில் இருக்கிறார் என்று கூடப் படித்த பிள்ளைகள் சொன்னார்கள். பள்ளிக்கூடத்துக்கும் அவர்கள் வீட்டுக்கும் ஒன்றரை கிலோமீட்டர். என்னிடம் சைக்கிள் இருந்தது. நான் போகவில்லை. வேறு மதம், நாம் போய்ச் சொன்னால் தப்பாக எடுத்துக்கொள்வார்கள் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். நண்பரிடம் சொல்லி அவரையாவது அனுப்பியிருக்கலாம். அதையும் செய்யவில்லை.

ஜனவரி முதல் வாரத்தில் போனேன். அவள் அப்பா வாசலில் உட்கார்ந்திருந்தார். பிடிவாதம் பிடிப்பார் என்று தயாராகப் போயிருந்தேன். அவர் என் முகத்தைப் பார்க்கவே இல்லை. "பரீட்சைப் பணம் கட்ற தேதி போயிருச்சுங்களே சார்" என்றார். நான் தலைமையாசிரியரிடம் பேசிப் பார்க்கிறேன், பெண்ணை நாளைக்கே அனுப்புங்கள் என்றேன். தலையாட்டினார். அவள் வரவில்லை. கணக்கு பொய்த்ததும் அவர் வெளியே தலைகாட்ட முடியாமல் போய்விட்டார், மகளையும் அனுப்ப முடியவில்லை. டிசம்பரில் அவளைப் பிடித்து வைத்தது பயம். ஜனவரியில் பிடித்து வைத்தது வெட்கம். அந்த வெட்கத்துக்கு முன்னால் நான் போயிருக்க வேண்டும். சில மாதம் கழித்து காந்தி மார்க்கெட்டில் ஒரு வெங்காயக் கடையில் கணக்கு எழுதிக்கொண்டிருந்தாள். "நல்லா இருக்கேன் சார்" என்றாள். இருபத்தைந்து வருடம் ஆகிறது. இன்னமும் அந்தப் பக்கம் போனால் அந்தக் கடையைப் பார்க்காமல் தாண்ட முடிவதில்லை.

அதனால்தான் இந்த முறை, தப்பாக எடுத்துக்கொண்டாலும் பரவாயில்லை என்று எழுதுகிறேன்.

அம்மா, உன் அண்ணனிடம் நம்பிக்கையை விடச் சொல்லி வாதாடாதே. அது உன் வேலையும் அல்ல, என் வேலையும் அல்ல. நான்கு கேள்வி மட்டும் கேள். தொடக்க ஆண்டை யார் தேர்ந்தெடுத்தது? நாள் ஏன் ஒரு இடத்தில் நாளாகவும் இன்னொரு இடத்தில் ஆண்டாகவும் இருக்கிறது? இதே ஆள் இதற்கு முன் வேறு ஆண்டு சொல்லியிருக்கிறாரா? அவர் தன் பிள்ளைகளைப் படிப்பிலிருந்து நிறுத்திவிட்டாரா?

பிறகு அவரை ஒரு நாள் மாலை நம் ஊரையே சுற்றி வரச் சொல். தெப்பக்குளத்துப் பக்கம் கிறிஸ்து ஆலயம் இருக்கிறது. 1766இல் ஸ்வார்ட்ஸ் ஐயர் கட்டியது. இங்கே வெடிமருந்துக் கிடங்கு வெடித்துப் பிள்ளைகள் பெற்றோரை இழந்தபோது, அந்த மனிதர் செய்தது பள்ளிக்கூடம் தொடங்கியது. அந்தக் காலத்துத் திருச்சிக்கு உலக முடிவு தினமும் வாசலில்தான் நின்றது. பிரெஞ்சுக்காரன், ஆங்கிலேயன், நவாப், ஹைதர் என்று போருக்கு மேல் போர். அவரும் வெளிப்படுத்தின விசேஷத்தைப் படித்தவர்தான். தமிழிலேயே அது 1715இல் தரங்கம்பாடியில் அச்சாகிவிட்டது.

புனித யோவான் ஆலயத்தில் பிஷப் ஹீபர் கல்லறை இருக்கிறது. 1826 ஏப்ரல் 3 காலை, கோட்டையில் தமிழ்க் கிறிஸ்தவர்களுக்குத் திடப்படுத்தல் ஆராதனை நடத்திவிட்டு வந்து குளிக்க இறங்கியவர், குளத்திலேயே இறந்துபோனார். 43 வயது நிறைய இன்னும் சில நாள் இருந்தது. அவருடைய முடிவை எந்த எண்ணும் சொல்லவில்லை. அன்று காலை செய்ய வேண்டிய வேலையைச் செய்து முடித்திருந்தார்.

கடைசியாக, புனித வளனார் கல்லூரி வாசலில் ஒரு நிமிடம் நிற்கச் சொல். அமெரிக்காவில் வயலை அறுக்காமல் விட்டுவிட்டு வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்த அதே 1844இல்தான் அந்தக் கல்லூரி நாகப்பட்டினத்தில் தொடங்கியது. 1883இல் திருச்சிக்கு வந்தது. அப்துல் கலாம் படித்த கல்லூரி. அதைத் தொடங்கிய ஏசு சபைக் குருமார்களும் கிறிஸ்து திரும்ப வருவார் என்று நம்பியவர்களே. அந்த நம்பிக்கையோடுதான் கல்லூரி கட்டினார்கள்.

கட்டணம் கட்டக் கடைசி நாள் இன்னும் பன்னிரண்டு நாளில் என்று நீ எழுதியிருக்கிறாய். இந்த எண்ணுக்கு விளக்கவுரை வேண்டாம். இதில் ஒரு நாள் என்பது ஒரே நாள்தான். அண்ணனைப் பார்க்க நான் வரட்டுமா என்று கேட்டுச் சொல். இப்போது சைக்கிள் இல்லை, முட்டி வலி. ஆனால் ஸ்ரீரங்கத்திலிருந்து ஒன்றாம் நம்பர் பஸ் இருக்கிறது.

நண்பர்களே, விவரத்தில் ஏதேனும் பிழை இருந்தால் பின்னூட்டத்தில் திருத்துங்கள். மதச் சண்டை மட்டும் வேண்டாம். அப்படி யாராவது தொடங்கினால், வகுப்பில் செய்தது போலவே வெளியே நிற்க வைத்துவிடுவேன்.

அன்புடன்,
உங்கள் வரலாற்று வாத்தியார்,
திருவரங்கம்.